கை படுகிற இடம்தான் தேயும்

கேள்வி: விண்வெளிப் படத்தில் வருவதுபோல ஒரு பிளாஸ்டிக் லேசர் துப்பாக்கி வாங்கிக் கறுப்பு பெயின்ட் அடித்து, பழசாகத் தெரிய வெள்ளிப் பெயின்ட்டை அங்கங்கே தீற்றினேன். அம்மை போட்ட மாதிரி இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: "அங்கங்கே" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான். பொருள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது. உறையில் உரசுகிற குழல் முனை, விரல் நுழைகிற விசைக் காப்பின் விளிம்பு, கட்டைவிரல் தினமும் தொடுகிற சுவிட்ச், இங்கெல்லாம் உலோகம் தெரியும். பள்ளத்திலும் திருகுத் தலையின் வெட்டிலும் தேய்மானம் இருக்காது, அழுக்குதான் அடைந்திருக்கும். பிரஷ்ஷைக் கையில் எடுப்பதற்கு முன்னால், இதை வைத்திருந்தவன் வலக்கையா இடக்கையா, இடுப்பில் செருகினானா தோளில் மாட்டினானா என்று யோசித்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

சரி, திரும்ப ஆரம்பிப்போம். அச்சில் வார்த்த இரண்டு பாதிகளையும் ஒட்டிய கோடு நடுவில் ஓடும், அது இருக்கிறவரை பொம்மைதான். 240 எண் உப்புத்தாளில் தேய்த்து, அப்புறம் 400-ல் தண்ணீர் தொட்டு இழையுங்கள்; முகக்கவசம் கட்டாயம். ப்ரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு), அதன்மேல் வெள்ளிப் பெயின்ட், அது ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு ஹேர் ஸ்ப்ரே இரண்டு பூச்சு, அதன்மேல் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் கறுப்பை மெல்லிசாக அடியுங்கள். எண்ணெய் கலந்த எனாமல் பெயின்ட் வேண்டாம், அதற்குள் தண்ணீர் இறங்காது. கறுப்பு தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும், தேய வேண்டிய விளிம்பில் மட்டும் ஈரப் பிரஷ்ஷால் தட்டித் தட்டித் தேயுங்கள். உள்ளே ஹேர் ஸ்ப்ரே இளகி, கறுப்பு சின்னச் சின்னச் செதிலாக உரிந்து வெள்ளி எட்டிப் பார்க்கும். கையால் வரைந்து இந்தக் கோணல்மாணலைக் கொண்டுவரவே முடியாது.

கடைசியாக, நீர்த்த கரும்பழுப்புப் பெயின்ட்டைப் பூசி உடனே துணியால் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் தங்கும். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்துக் காய்ந்த பிறகு 6பி பென்சில் தூளை விரலில் தொட்டு விளிம்பில் அழுத்தித் தேயுங்கள். பெயின்ட் தராத எஃகு மினுமினுப்பு அதில் வரும், எனக்கு இந்த வேலையில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

கேள்வி: சினிமாத் துப்பாக்கிகள் மட்டும் நிஜம் மாதிரி தெரிவது எப்படி?

பதில்: பலவற்றின் உள்ளே நிஜத் துப்பாக்கியே இருந்தது. 1977-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் ஹான் சோலோ என்ற பாத்திரம் வைத்திருப்பது மவுசர் சி96 கைத்துப்பாக்கியின் மேல் தொலைநோக்கியும் வேறு உதிரிகளும் பொருத்தியது. அதில் வரும் வெள்ளைக் கவச வீரர்களுடையது ஸ்டெர்லிங் என்ற பிரிட்டிஷ் இயந்திரத் துப்பாக்கி. அதனால் உங்கள் மாடலுக்கு எந்த அசல் அடிப்படை என்று தேடி, அதன் பழைய படங்களைப் பார்த்துத் தேய்மானத்தைக் காப்பியடியுங்கள். கனமும் முக்கியம், பிடிக்குள் இரும்பு நட்டுகளைப் போட்டுப் பசையால் இறுக்கினால் கையில் எடுத்ததுமே வித்தியாசம் தெரியும்.

கேள்வி: முனையில் உள்ள ஆரஞ்சு நிறத்தை மறைக்கலாமா?

பதில்: வேண்டாம். அது பொம்மை என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கான அடையாளம், சில நாடுகளில் சட்டமே அதைக் கேட்கிறது. நீங்கள் இவ்வளவு பாடுபட்டு நிஜமாகக் காட்டியிருக்கும் பொருளைப் பார்த்து எதிரில் வருபவர் பயந்தால் விபரீதம் உங்களுக்குத்தான். வெளியே எடுத்துப் போனால் மூடிய பையிலேயே போகட்டும்.