எரிசக்திக் கொள்கை வகுக்கும் வேலை: பட்டத்தின் பெயரைப் பார்த்துச் சேர்க்காதீர்கள்

காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க நாட்டுக்கே எரிசக்தித் திட்டம் போடும் வேலைக்குப் போவேன் என்கிறாள் உங்கள் மகள். அதற்கெல்லாம் யார் சம்பளம் தருவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தருகிறார்கள். அமைச்சகங்கள், மின்சார ஒழுங்குமுறை ஆணையங்கள், ஆய்வு நிறுவனங்கள், மின் நிறுவனங்களின் திட்டமிடல் பிரிவு என்று எல்லா இடத்திலும் ஆள் தேவை. ஆனால் எடுத்த எடுப்பிலேயே ‘காலநிலைக் கொள்கை’ என்று பெயர் போட்ட இளநிலைப் பட்டத்தில் சேர்த்துவிட வேண்டாம். மின்பொறியியல், பொருளியல், புள்ளியியல் மூன்றில் ஒன்றை முதலில் படிக்கட்டும். கொள்கைப் படிப்பை முதுநிலையில் பார்த்துக்கொள்ளலாம்.

காரணம் இதுதான். ஆண்டுக்கு 8,760 மணி நேரம். ஒவ்வொரு மணியிலும் மின்தேவையும் உற்பத்தியும் பொருந்தியாக வேண்டும். நண்பகலில் சூரிய மின்சாரம் கொட்டும். மாலையில் வெயில் சாயும் நேரம் பார்த்துத்தான் வீடுகளில் எல்லா சுவிட்சையும் போடுவார்கள். அந்த இரண்டு, மூன்று மணி நேரத்தைத் தாங்கப்போவது பேட்டரியா, நீர்மின் நிலையமா, எரிவாயுவா? செலவு யார் தலையில்? இந்தக் கணக்கு வராதவர் எழுதும் கொள்கை வெறும் ஆசைப் பட்டியல்.

பிரிட்டனில் 2012-ல் ஏறத்தாழ 40 சதவீத மின்சாரம் நிலக்கரியில் இருந்து வந்தது. 2024 செப்டம்பர் 30 அன்று அங்கே கடைசி நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. 2008-ன் காலநிலை மாற்றச் சட்டம் ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் வரம்பு வைத்தது. 2013-ல் மின்நிலையங்கள் வெளியிடும் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வந்தது. கடல் காற்றாலைகளுக்கு நீண்டகால விலை உத்தரவாதம் கொடுத்தார்கள். வழக்கறிஞர், பொருளியலாளர், பொறியாளர் மூவருக்குமே இதில் வேலை இருந்தது, கவனித்தீர்களா?

சரி, இவளுக்கு இது ஒத்துவருமா? ஓசெமோசிஸ் (OSeMOSYS) என்றொரு இலவச மென்பொருள் இருக்கிறது. நாடுகளின் எரிசக்தித் திட்டத்துக்கே பயன்படுகிறது. விடுமுறையில் அதில் ஒரு சின்ன மாதிரி நாட்டை உருவாக்கி, நிலக்கரியை 2040-ல் நிறுத்தினால் செலவு எங்கே ஏறுகிறது என்று பார்க்கட்டும். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் எழுந்து வரவில்லை என்றால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் ஒப்பந்தப் பணியாகவே அமையக்கூடும். ஆட்சி மாறினால் பல வருட உழைப்பு அலமாரிக்குப் போகும். அப்போது அடிப்படைப் பட்டம்தான் வேறு வேலை தேடித் தரும். கணக்கே பிடிக்காது என்றால் சட்டம் படிக்கட்டும். மின்கட்டண வழக்குகளுக்கு எந்த ஆட்சியிலும் பஞ்சமில்லை.