எம்ஓடி காலாவதியான ஸ்கூட்டரை வாங்கலாமா?

தம்பி, லண்டன் ஈஸ்ட்ஹாமில் 125 சிசி ஸ்கூட்டர் ஒன்று பார்த்திருப்பதாகவும், அது 2021 ஆகஸ்டில் பதிவான வண்டி என்றும் எழுதியிருக்கிறீர்கள். எம்ஓடி, அதாவது வண்டி சாலையில் ஓடத் தகுதியானதா என்று பிரிட்டனில் பார்க்கும் கட்டாயச் சோதனையின் காலம் முடிந்துவிட்டதாம்; வாங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விற்பவர் சொல்கிறாராம். அப்படியே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரலாமா என்பது உங்கள் கேள்வி. கூடாது.

நம் ஊரில் புது பைக் எடுத்தால் ஆர்சி 15 வருடத்துக்குப் பேசாமல் கிடக்கும். நடுவில் கேட்பது புகைச் சான்றிதழ் ஒன்றுதான். அதையும் பெட்ரோல் பங்க் ஓரமாக நின்று வாங்கிவிடுவோம். இங்கே முதல் பதிவிலிருந்து 3 வருடம் ஆனதும் முதல் சோதனை, அதன் பிறகு வருடம் தவறாமல் ஒன்று. எம்ஓடி இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டினால் 1,000 பவுண்ட் வரை அபராதம் போடலாம். முன்கூட்டியே நேரம் வாங்கிய சோதனைக்கு ஓட்டிப் போக மட்டும் சலுகை உண்டு. அப்போதும் இன்சூரன்ஸ் இருந்தாக வேண்டும்.

சாலை வரி விஷயத்தையும் விற்பவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். 2014 அக்டோபரிலிருந்து, வண்டி கைமாறினால் பழையவர் கட்டிய வரி அவரோடு போய்விடும். நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும். எம்ஓடி இல்லாமல் கட்ட முடியாது. ஆக, அவர் "பிறகு" என்று சொல்லும் வேலை உங்கள் தலையில்தான் விடியும்.

இன்றிரவே ஒரு காரியம் செய்யுங்கள். அரசாங்க இணையதளத்தில் எம்ஓடி வரலாறு பார்க்கும் பக்கத்தில் அந்த ஸ்கூட்டரின் நம்பரைப் போடுங்கள். காசு கிடையாது. எந்தத் தேதியில் தேறியது, எதற்காகத் தோற்றது, அன்று மீட்டரில் எத்தனை மைல் என்பதெல்லாம் வரிசையாக வரும். மைல் கணக்கு ஒரு வருடம் ஏறி அடுத்த வருடம் இறங்கியிருந்தால் அந்த வண்டிப் பக்கமே போகாதீர்கள். தேறிய வண்டிக்கும் கீழே அறிவுரைக் குறிப்புகள் இருக்கும், அவற்றை விடாமல் படியுங்கள். "பின் டயர் தேய்ந்து வரம்பை நெருங்குகிறது" என்ற ஒரே குறிப்பு அடுத்தடுத்த இரண்டு வருடமும் இருந்தால், வண்டி எப்படி வளர்ந்திருக்கிறது என்று விற்பவரைக் கேட்க வேண்டியதே இல்லை. இந்த நாட்டில் பழைய வண்டி வாங்குபவனுக்கு இதைவிட நல்ல துணை கிடையாது என்பது என் எண்ணம்.

சோதனைக்குக் கட்டணம் அதிகபட்சம் 29 பவுண்ட் 65 பென்ஸ். நீல நிறத்தில் மூன்று வெள்ளை முக்கோணம் போட்ட பலகைதான் எம்ஓடி நிலையத்தின் அடையாளம்; ஆனால் அது இருக்கும் எல்லாக் கராஜிலும் பைக் பார்க்க மாட்டார்கள். முதலில் போன் செய்து கேளுங்கள். யாருக்காவது கொஞ்சம் கொடுத்து முத்திரை வாங்கும் யோசனை இருந்தால் அதை விமானத்திலேயே விட்டுவிட்டு வந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். முடிவு நேராக அரசாங்கக் கணினியில் ஏறுகிறது. கையில் தரும் தாளுக்குப் பெரிய மதிப்பில்லை.

சின்ன விஷயங்களில்தான் பலருக்கும் வண்டி தோற்கிறது. முன் பிரேக்கைப் பிடித்தாலும் பின் பிரேக்கைப் பிடித்தாலும் பின்னால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும்; ஒரு பிடியில் மட்டும் எரிந்தால் போதாது. இரண்டையும் தனித்தனியாகப் பிடித்து, சுவரில் வெளிச்சம் விழுகிறதா என்று பாருங்கள். டயரின் அகலத்தில் முக்கால் பங்குக்காவது 1 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். ஹாரன், முகப்பு விளக்கின் கோணம், ஹேண்டில்பார் ஆட்டம், நம்பர் பிளேட்டின் எழுத்து எல்லாம் பார்ப்பார்கள். சத்தத்துக்காக மாட்டிய சைலன்ஸரில் "சாலைக்கு அல்ல" என்று பொறித்திருந்தால் அங்கேயே தோல்வி. ஆனால் இன்ஜினின் உடல்நிலையை இந்தச் சோதனை பார்ப்பதில்லை. அதனால் தேறிய வண்டி என்றாலும் விவரம் தெரிந்த ஒருவரை அழைத்துப் போய் ஸ்டார்ட் செய்து கேட்க வையுங்கள்.

அடுத்த வருடத்துக்கு ஒரு வழி: எம்ஓடி முடியும் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பே சோதனை செய்யலாம், பழைய தேதி மாறாது. ஆகஸ்ட் 20-இல் முடிகிறதென்றால் ஜூலை 21 முதல் போகலாம். இலவச நினைவூட்டலுக்கும் பதிந்துகொள்ளுங்கள், போனுக்கே செய்தி வரும்.

விற்பவரிடம் நாளை இப்படிச் சொல்லுங்கள்: "எம்ஓடி எடுத்துக் கொடுங்கள், கட்டணத்தை வேண்டுமானால் நான் தருகிறேன்." முப்பது பவுண்டுக்குள் முடியும் வேலைக்கு அவர் தயங்கினால், எங்கே தோற்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.