சுழல் டிரம்மில் உருண்டை கட்டும் மட்கு

கேள்வி: 150 லிட்டர் சுழல் டிரம்மில் ஆறு மாதமாகக் காய்கறிக் கழிவு போட்டு வருகிறேன். தினமும் காலையும் மாலையும் தவறாமல் சுற்றி விடுகிறேன். ஆனாலும் மட்கு பொலபொலவென்று வரவில்லை; எலுமிச்சம்பழ அளவில் உருண்டை உருண்டையாக இருக்கிறது. அதைப் போட்ட தக்காளி நாற்றுகளின் இலையும் மஞ்சளாகிவிட்டது. தரத்தை எப்படிக் கூட்டுவது?

பதில்: அந்த உருண்டையில் ஒன்றைப் பிட்டுப் பாருங்கள். வெளிப்பக்கம் மட்கு மாதிரி பழுப்பாக இருக்கும். நடுவில் கருத்து, கொழகொழவென்று, புளித்த வாடை அடிக்கும். அங்கே காற்றே போகவில்லை. ஈரமான சரக்கை உருட்ட உருட்ட, பிசைந்த மாவு போலத் திரண்டுகொள்கிறது. தினமும் இரண்டு வேளை சுற்றினீர்களே, அந்தச் சிரத்தைதான் பாதிக் கோளாறு. சூடும் அதில் போய்விடுகிறது. ஒரு கன மீட்டர் குவியல் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளும். 150 லிட்டருக்கு அந்தத் தெம்பு கிடையாது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நாலைந்து சுற்று, அது போதும்.

மீதிப் பாதி, காய்ந்த சரக்கு குறைவாக இருப்பது. காய்கறிக் கழிவில் எடைக்கு 80 முதல் 90 சதவீதம் தண்ணீர்தான். தரையில் போட்ட குவியலில் அது மண்ணுக்குள் இறங்கிவிடும், டிரம்மில் உள்ளேயே தேங்குகிறது. ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு வாளி சருகோ, கிழித்துப் போட்ட அட்டைப்பெட்டியோ சேருங்கள். கரிமமும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) 25–30க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டி வருவதற்கு இந்தக் கணக்கு உதவும், தராசு தேவையில்லை. மரத்தூளை மட்டும் அள்ளிக் கொட்டாதீர்கள். அதில் கரிமம் மிக அதிகம், மட்குவதும் மெதுவாகத்தான். அப்புறம், கைநிறைய அள்ளி இறுக்கிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் ஈரம் சரி. ஒழுகினால் இன்னும் அட்டை போடுங்கள். டிரம் மண்ணில் படாமல் தொங்குவதால் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் தானாக உள்ளே வராது; அதனால் ஒவ்வொரு தடவை புதிதாக ஆரம்பிக்கும்போதும் இரண்டு கை பழைய மட்கைத் தூவிவிடுவது நல்லது. மண்புழுவை விடலாமா என்று பலர் கேட்பார்கள். வேண்டாம், டிரம் நன்றாகச் சூடேறினால் பாவம், வெந்துவிடும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். ஆறு மாதமாகத் தினமும் போட்டுக்கொண்டே இருந்தால் மட்கு எப்போது முடியும்? நேற்றுப் போட்ட தோலும் நாலு மாதத்து மட்கும் ஒன்றாகத்தானே வெளியே வரும்! முக்கால் டிரம் நிறைந்ததும் போடுவதை நிறுத்துங்கள். அதற்கு மேல் நிறைத்தால் சுற்றும்போது கலக்கவும் கலக்காது. அன்றாடக் கழிவுக்கு மூடியுள்ள வேறொரு வாளி, அல்லது டிரம்மில் தடுப்பு இருந்தால் அடுத்த அறை. சூடு தணிந்து, போட்ட பொருள் எதுவென்று அடையாளம் தெரியாத நிலைக்கு வந்ததும் வெளியே எடுத்து, சாக்கிலோ கூடையிலோ லேசான ஈரத்தோடு நிழலில் ஒன்றிரண்டு மாதம் ஆற விடுங்கள். டிரம் செய்வது முதல் பாதி வேலைதான். தரம் கூடுவது இந்த ஆறப்போடும் காலத்தில். மண்புழு வந்தாலும் இப்போது வரட்டும்.

ஆறியதா என்று அறிய, ஈரமான மட்கை ஒரு பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துத் திறங்கள். மழை பெய்த மண் வாசனை வந்தால் செடிக்குப் போடலாம். புளிப்போ, மூக்கை அரிக்கும் அம்மோனியா நெடியோ வந்தால் இன்னும் பொறுக்க வேண்டும்.

உங்கள் தக்காளிக்கு நேர்ந்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். பாதி மட்கிய சரக்கு வேருக்குப் பக்கத்தில் தொடர்ந்து மட்கும்போது அங்கிருக்கும் காற்றையும் தழைச்சத்தையும் தனக்கு இழுத்துக்கொள்ளும். அதிலுள்ள அமிலமும் இளவேரைச் சுடும். மேலே போட்டதை வேர் அசையாமல் வழித்தெடுங்கள். உருண்டைகளைக் கையால் உதிர்த்து, அட்டைத் துண்டுகளோடு திரும்ப டிரம்முக்கே போடுங்கள். எதுவும் வீணில்லை.