1 கொரிந்தியர் 11:27–30 வசனங்களை வாசித்தபின் திருவிருந்தில் பங்குபெறவே பயமாக இருக்கிறது. இந்தப் பகுதியை எப்படிப் படிப்பது?

இந்தப் பயத்தால், அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து நேரத்தில் எழுந்திருக்காமல் உட்கார்ந்தே இருந்துவிடுகிறவர்கள் பல சபைகளில் உண்டு. "எவன் அபாத்திரமாய்", அதாவது தகாத விதமாய், என்று ஆயர் வாசித்ததும் அந்த வாரம் வீட்டில் போட்ட சண்டையும் மனதில் ஓடிய கெட்ட நினைவுகளும் வரிசையாக வந்து நிற்கும். அடுத்து "உங்களில் அநேகர் பலவீனரும் வியாதியுள்ளவர்களுமாயிருக்கிறார்கள்" என்று கேட்டால் கால் நகராது. இந்தப் பகுதியைப் பாதியிலிருந்து படித்துப் பழகியதுதான் இதற்குப் பெரிய காரணம் என்பது என் கருத்து.

ஆராதனையில் பெரும்பாலும் 23ஆம் வசனத்திலிருந்துதான் வாசிக்கிறோம். கொரிந்து சபைக்கு இந்தக் கடிதத்தை எழுதிய பவுல் பேச்சைத் தொடங்குவதோ 17ஆம் வசனத்தில். ஆகவே முதல் வேலையாக 17 முதல் 34 வரை, பதினெட்டு வசனங்களையும் ஒரே மூச்சில் இரண்டு முறை வாசியுங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். "கூடிவருதல்" என்ற பேச்சு 17, 18, 20, 33, 34 என்று ஐந்து வசனங்களில் வருவதைக் கோடிட்டுக்கொள்ளுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் அதுதான் நிற்கிறது. பிறகு ஓரத்தில் நான்கு பிரிவுகளைக் குறியுங்கள்: 17–22 நடந்த தவறு, 23–26 ஆண்டவர் விருந்தை ஏற்படுத்திய வரலாறு, 27–32 எச்சரிக்கை, 33–34 தீர்வு. எச்சரிக்கையை அதற்கு முன்னுள்ள தவறோடும் பின்னுள்ள தீர்வோடும் சேர்த்தே படிக்க வேண்டும்.

அந்தத் தவறு 21, 22ஆம் வசனங்களில் வெளிப்படையாக இருக்கிறது. அவனவன் தன் சொந்தச் சாப்பாட்டை முந்திச் சாப்பிடுகிறான்; "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" (குடிவெறி). அதன் பிறகு பவுல் கேட்கும் கேள்வி கடுமையானது: "தேவனுடைய சபையை அசட்டைபண்ணி, இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?"

இங்கே கொரிந்து நகரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் படம் தெளிவாகும். கி.மு. 146இல் ரோமர் அழித்த நகரம் அது. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசர் அதை ரோமக் குடியேற்றமாக மீண்டும் நிறுவினார். குடியேறியவர்களில் பெரும்பகுதி விடுதலை பெற்ற அடிமைகள். துறைமுக வணிகத்தில் சிலர் வேகமாகப் பணம் சேர்த்தார்கள்; அவர்களோடு அதே சபையில் அடிமைகளும் கூலியாட்களும் இருந்தார்கள். கோவில் கட்டடம் எதுவும் கிடையாது, வசதியுள்ள ஒருவர் வீட்டில்தான் கூடுவார்கள். முழுச் சபைக்கும் இடம் கொடுத்தவராகக் காயுவை ரோமர் 16:23 சொல்கிறது. அன்றைய திருவிருந்து முழுச் சாப்பாட்டோடு சேர்ந்தது என்பதையும் மறக்கக்கூடாது. நம் ஊர்ச் சபைகளில் எல்லோரும் சேர்ந்து உண்ணும் அசனப் பந்தியையும் நற்கருணை என்ற திருவிருந்தையும் ஒன்றாக வைத்தால் எப்படியோ, ஏறத்தாழ அப்படி.

கொரிந்தின் அனாப்லோகா பகுதியில் அகழ்ந்தெடுத்த ஒரு வீட்டின் உணவறை ஏறத்தாழ 5.5 மீட்டருக்கு 7.5 மீட்டர். சாய்ந்து உண்ணும் மஞ்சங்களைப் போட்டால் ஒன்பது பத்துப் பேருக்கு மேல் இடமில்லை. மற்றவர்கள் முற்றத்தில். இதை வைத்து, வீட்டுக்காரரின் தோழர்கள் உள்ளேயும் வேலை முடித்துத் தாமதமாக வந்த ஏழைகள் வெளியேயும் இருந்தார்கள் என்று சில அறிஞர்கள் விளக்குவார்கள். சபை அப்படிப்பட்ட வீட்டில்தான் கூடியதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு, எனவே முழு விளக்கத்தையும் அந்த அளவுகளின் மேல் கட்டாதீர்கள். ஆனால் விருந்தில் தரம் பிரிக்கும் வழக்கம் ரோமச் சமூகத்தில் இருந்தது உறுதி. ரோம எழுத்தாளர் இளைய பிளினி தன் கடிதம் ஒன்றில், தனக்கும் நெருங்கியவர்களுக்கும் ஒரு தரம், சிறிய நண்பர்களுக்கு ஒரு தரம், விடுதலையானவர்களுக்கு ஒரு தரம் என மூன்று வகைத் திராட்சரசம் வைத்த ஒருவரைக் கண்டிக்கிறார். ஊரில் இயல்பாக நடந்த இந்த வழக்கம் ஆண்டவரின் பந்திக்குள்ளும் நுழைந்ததுதான் பவுலைக் கொதிக்க வைத்தது.

இப்போது 27ஆம் வசனத்துக்கு வாருங்கள். "அபாத்திரமாய்" என்பது புசிக்கிற விதத்தைச் சொல்கிறது. புசிக்கிற ஆளின் புண்ணியக் கணக்கு அங்கே பேச்சில்லை. அந்தக் கணக்குப்படி பாத்திரவானாக வருகிறவர் யாருமில்லை. பாவிகளுக்காகக் கொடுக்கப்பட்ட சரீரம் என்று அறிவிக்கிற பந்தி இது. பக்கத்தில் இருப்பவனைப் பட்டினி போட்டுவிட்டு அதே கையால் அப்பத்தை எடுப்பதுதான் கொரிந்தியரின் அபாத்திரம்.

29ஆம் வசனத்தில்தான் நிதானமாக நிற்க வேண்டும். "சரீரம் இன்னதென்று நிதானித்து அறியாததினால்" என்றால் எந்தச் சரீரம்? பாப்பிரஸ் 46, சினாய், வத்திக்கான் போன்ற பழைய கையெழுத்துப் பிரதிகளில் "கர்த்தருடைய" என்ற சொல் இந்த இடத்தில் இல்லை. "சரீரம்" என்று மட்டும் நிற்கிறது. அப்பத்தில் நமக்கு அளிக்கப்படும் கிறிஸ்துவின் சரீரம் என்று கத்தோலிக்க, லுத்தரன் மரபுகள் அழுத்திச் சொல்கின்றன. சபையாகிய சரீரம் என்று இன்று பல விளக்கவுரையாளர்கள் எழுதுகிறார்கள். 10:17ஐயும் 12:12–27ஐயும் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டையும் பவுல் பிரிக்கவில்லை என்று தெரியும்: ஒரே அப்பத்தில் பங்குபெறுவதால் அநேகரான நாம் ஒரே சரீரம். சகோதரனை அவமதித்துவிட்டு அப்பத்தை மட்டும் வணங்க இந்த அதிகாரம் இடம் தரவில்லை. எல்லாம் சமூக நீதிப் பேச்சுதான், ஆண்டவரின் சரீரமும் இரத்தமும் வெறும் அடையாளப் பேச்சு என்று தள்ளவும் 27ஆம் வசனம் விடாது.

28ஆம் வசனத்தின் கடைசிப் பகுதியைப் பலர் காதில் வாங்குவதே இல்லை. தன்னைத்தானே சோதித்தறிந்து, "இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்துவிட்டு விலகி நில் என்று அவர் எழுதவில்லை. சோதனைக்குரிய கேள்விகளையும் இந்தப் பகுதியிலிருந்தே எடுக்கலாம்: இந்தச் சபையில் என்னால் வெட்கப்பட்டு நிற்பவர் யார்? யாருடைய கூலியையோ கடனையோ இழுத்தடிக்கிறேனா? யாரோடு பேச்சு வார்த்தை இல்லை? பதில் கிடைத்தால் மத்தேயு 5:23–24 சொல்வதுபோல முதலில் அவரிடம் போங்கள். சனிக்கிழமையே இதைச் செய்வது நல்லது. ஞாயிறு காலை மணியடித்தபின் யோசித்தால் பயம்தான் மிஞ்சும். பழைய திருச்சபை நூலான தீதாகேயின் 14ஆம் அதிகாரமும் பிணக்குள்ளவர்கள் ஒப்புரவான பிறகே பந்திக்கு வரவேண்டும் என்கிறது.

மனமறிந்து ஒரு பாவத்தைப் பிடித்துக்கொண்டு, விடமாட்டேன் என்று இருப்பவருக்கு இந்த விளக்கம் ஆறுதல் அல்ல. 5ஆம் அதிகாரத்தில் அப்படிப்பட்டவனோடு புசிக்கவும் கூடாது என்று இதே பவுல் எழுதியிருக்கிறார். கனமான பாவம் செய்தவர் ஒப்புரவு அருட்சாதனம் (குருவிடம் பாவ அறிக்கை செய்து மன்னிப்புப் பெறுதல்) பெற்றபின் நற்கருணை வாங்க வேண்டும் என்பது கத்தோலிக்க ஒழுங்கு. உங்கள் சபையின் ஒழுங்கு எதுவோ அதை ஆயரிடமோ பங்குத்தந்தையிடமோ கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

தமிழ் வாசகர் இந்த அதிகாரத்தைத் தூரத்து ஊர்க் கதையாகப் படிக்க முடியாது. தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் சாதிவாரியாகத் தனித்தனி இருக்கையும் திருவிருந்துக்கு முன்பின் வரிசையும் இருந்தன. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் இவற்றை உடனடியாக, முற்றாக விடவேண்டும் என்று சுற்றுமடல் எழுதினார். தஞ்சையில் பலர் அதை ஏற்காமல் எதிர்த்தார்கள். இன்றும் கல்லறைத் தோட்டத்தில் நடுச்சுவர் இருக்கும் ஊர் என்றால், 22ஆம் வசனம் அந்தச் சுவரைப் பார்த்துத்தான் கேட்கிறது. இதை வேதபாட வகுப்பில் எடுப்பவர்கள் 33ஆம் வசனத்தை நடைமுறைக் கட்டளையாகவே எடுங்கள்: "ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள்." அசனத்தில் முதல் பந்தி யாருக்கு, கடைசிப் பந்தியில் கறி மிஞ்சுகிறதா, கிண்ணம் யார் கைக்குக் கடைசியாகப் போகிறது என்று பார்த்தாலே பாடம் தொடங்கிவிடும்.

30ஆம் வசனம் மீதி இருக்கிறது. வியாதியையும் மரணத்தையும் கொரிந்து சபையின் தவறோடு பவுல் இணைப்பது உண்மை, அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் அவர் "உங்களில்" என்று ஒரு சபை முழுவதையும் பார்த்துச் சொல்கிறார். எந்த நோயாளியின் பெயரையும் சுட்டவில்லை. அதைத் திருப்பிப்போட்டு, நோய் வந்தவரெல்லாம் அபாத்திரமாய்ப் புசித்தவர் என்று சொல்வது கொடுமையான பிழை. 32ஆம் வசனத்தில் இந்தத் தீர்ப்பை அவர் சிட்சை, அதாவது திருத்தும் தண்டனை, என்கிறார், உலகத்தோடு ஆக்கினைக்குள்ளாகாதபடிக்கு (தண்டனைத் தீர்ப்புக்கு உள்ளாகாதபடிக்கு) என்று காரணமும் சொல்கிறார். உங்கள் வீட்டில் யாராவது நோயாய்ப் படுத்திருந்து, இந்த வசனம் உங்களை வாட்டுமானால், பிலிப்பியர் 2:25–30ஐ இன்றே வாசியுங்கள். தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து மரணத்துக்குச் சமீபமாகும்படி வியாதிப்பட்டிருந்தான் என்று எழுதும் அதே பவுல், அவன்மேல் ஒரு குற்றமும் சுமத்தாமல், அப்படிப்பட்டவர்களைக் கனமாய் எண்ணுங்கள் என்கிறார்.