உலகப் போர்க்களங்களுக்குப் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

பதினைந்து வருடங்களுக்கு மேலாக இரண்டு உலகப் போர்களின் களங்களையும் அருங்காட்சியகங்களையும் தேடிப் போய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பார்த்த இடத்துக்கே மறுபடி போகிற பழக்கமும் உண்டு. பயணத்துக்குத் தயாராகிறவர்கள் கேட்ட கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: சார், ஐரோப்பாவில் ஆறு நாள் இருப்பேன். ஈப்பர், சோம், வெர்டன், நார்மண்டி, அவுஷ்விட்ஸ் ஐந்தையும் பார்த்துவிட முடியுமா?

ஓடி ஓடிப் பார்த்துவிடலாம். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு எந்தச் சிலுவை எந்தக் கல்லறையில் இருந்தது என்பதுகூட நினைவிருக்காது. ஐந்தில் மூன்றை இப்போதே விட்டுவிடுங்கள்.

முதல் தடவை என்றால் பெல்ஜியத்தின் ஈப்பரில் தங்குங்கள். சின்ன ஊர், நடந்தே சுற்றலாம். முதல் உலகப் போரில் தரைமட்டமாகி, பிறகு பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டிய துணி மண்டபத்துக்குள்தான் (இடைக்காலத் துணி வியாபாரக் கட்டடம்) ஃபிளாண்டர்ஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடையில் மெனின் வாயில் என்ற நினைவு வளைவு. உடல் கிடைக்காமல் போன 54,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை அதன் சுவர்களில் வெட்டியிருக்கிறார்கள். அத்தனை பெரிய கட்டடத்திலும் இடம் போதவில்லை. 1917 ஆகஸ்ட் நடுவில் பட்டியலை நிறுத்திவிட்டு, அதற்குப் பிறகு காணாமல் போன ஏறத்தாழ 35,000 பேரின் பெயர்களை ஈப்பருக்குப் பக்கத்து டைன் காட் கல்லறையின் சுவரில் எழுதினார்கள். 1928 முதல் தினமும் இரவு எட்டு மணிக்கு இந்த வாயிலின் அடியில் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, இறந்த வீரர்களுக்கு அஞ்சலியான 'லாஸ்ட் போஸ்ட்' இசையை ஊதுகுழலில் ஊதுகிறார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் ஊரைப் பிடித்திருந்த நான்கு வருடங்கள்தான் அது அங்கே நின்றது. கூட்டம் இருக்கும், கொஞ்சம் முன்னாலேயே போங்கள். முடிந்ததும் கைதட்ட வேண்டாம்.

ஈப்பருக்கு மூன்று நாள். அப்புறம் தெற்கே பிரான்ஸின் சோம் பகுதிக்கு மூன்று நாள். காரில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். மற்றவை அடுத்த பயணத்துக்கு.

கேள்வி: அருங்காட்சியகத்தை முதலில் பார்ப்பதா, போர்க்களத்தையா?

அருங்காட்சியகம் முதலில் என்றுதான் பெரும்பாலான வழிகாட்டிகள் சொல்கிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன். அங்கே என்ன நடந்தது என்று இரண்டு பக்கம் படித்துக்கொள்ளுங்கள், அது போதும். காலையில் நேராகக் களத்துக்குப் போய் நடங்கள். நடந்த பிறகு அருங்காட்சியகத்துக்குள் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் ஒவ்வொரு பொருளும் உங்களிடம் பேசும்.

ஏன் என்று சொல்கிறேன். சோம் பகுதியில் பியூமோன் ஆமெல் என்ற இடம். 1916 ஜூலை 1 காலை, பிரிட்டிஷ் படையோடு சேர்ந்து போரிட்ட நியூஃபவுண்ட்லேண்ட் (இன்று கனடாவின் பகுதி) படைப்பிரிவு இங்கிருந்துதான் தாக்கப் புறப்பட்டது. முன்வரிசைக்குப் போகும் இணைப்புப் பதுங்குகுழிகள் முழுக்கக் காயம்பட்டவர்களும் பிணங்களுமாக அடைத்துக் கிடந்ததால், பின்வரிசையிலேயே மேலே ஏறித் திறந்தவெளியில் நடக்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 800 பேர் போனார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68 பேர்.

இதைப் படிக்கும்போது அது ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். அங்கே போய் நில்லுங்கள். தரை உங்களுக்கு எதிரே மெதுவாகக் கீழே சரிகிறது. பின்வரிசையிலிருந்து கிளம்புகிற ஒருவன் எதிரி கண்ணுக்கு முழு உடலோடு தெரிவான். சரிவில் கொஞ்ச தூரத்தில் பட்டுப்போன ஒரு மரத்தின் உருவத்தை அடையாளமாக நட்டிருக்கிறார்கள். பலரும் அதைத் தாண்டவில்லை. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த மரம் வரை நடந்து பாருங்கள். கையில் எதுவும் இல்லாமல், யாரும் சுடாமல், நல்ல பாதையில் நடக்கும்போதே அந்தத் தூரம் முடிய மாட்டேன் என்கிறது. அந்த ஒரு நாளில் பிரிட்டிஷ் படையில் மட்டும் 19,240 பேர் இறந்தார்கள். அது எப்படி நடந்தது என்பதை எனக்குப் புரியவைத்தது அந்தச் சரிவுதான். எந்த வரைபடமும் அதைச் செய்ததில்லை.

கேள்வி: பதுங்குகுழிகள் எல்லாம் அசலா, பார்வையாளர்களுக்காகத் திரும்பக் கட்டியதா?

இரண்டும் உண்டு. எது எது என்று தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது. பியூமோன் ஆமெலில் இருப்பவை அசல், ஆனால் நூறு வருட மழையில் பக்கங்கள் சரிந்து புல் மூடியிருக்கின்றன. மண் குழி இருந்தபடியே நிற்காது. கனடா நாட்டு நினைவிடம் இருக்கும் பிரான்ஸின் விமியிலும், பெல்ஜியத்தின் டிக்ஸ்முய்டில் இருக்கும் 'மரணப் பதுங்குகுழி'யிலும் மணல் மூட்டைகளின் வடிவத்தில் சிமெண்ட் வைத்துக் கட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள். இடம் அசல், சுவர் பாதுகாப்புக்காக வந்தது. ஈப்பருக்குப் பக்கத்தில் 1917இல் நடந்த பாஷென்டேல் போரைப் பற்றிய ஸோனபேக் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுரங்க அறைகள் முழுக்க மறுஉருவாக்கம். அதிலும் தப்பில்லை, தாழ்ந்த கூரைக்குக் கீழே குனிந்து நடக்கும் அனுபவம் கிடைக்கிறது.

அசலாகவே பார்க்க வேண்டும் என்றால் பிரான்ஸின் வெர்டனில் தூமோன் கோட்டைக்குள் போங்கள். கோடையிலும் குளிரும், கூரையிலிருந்து நீர் சொட்டும், ஸ்வெட்டர் கட்டாயம். 1916 மே 8 அன்று உள்ளே நடந்த வெடிவிபத்தில் இறந்தவர்களில் 679 ஜெர்மன் வீரர்களை வெளியே கொண்டுபோய்ப் புதைக்க வழியில்லாமல் உள்ளேயே வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு சிலுவை இருக்கிறது. நீங்கள் நிற்பது அவர்களுடைய கல்லறை வாசலில்.

பக்கத்திலேயே தூமோன் எலும்பு மண்டபம். அடையாளம் தெரியாத ஏறத்தாழ 1,30,000 பிரெஞ்சு, ஜெர்மன் வீரர்களின் எலும்புகள் அங்கே கலந்து கிடக்கின்றன. வெளியே தரையை ஒட்டிய சின்ன ஜன்னல்கள் வழியாகக் குனிந்து பார்க்கலாம். பார்க்க மனமில்லை என்றால் வேண்டாம், அது உங்கள் விருப்பம்.

கேள்வி: வயலில் கிடக்கும் குண்டுச் சிதறலை நினைவுக்கு எடுத்து வரலாமா?

கூடாது. தொடவே கூடாது.

ஈப்பர் இருக்கும் ஃபிளாண்டர்ஸ் பகுதியிலும் சோமிலும் ஒவ்வொரு உழவிலும் வெடிக்காத குண்டுகள் மேலே வந்துகொண்டே இருக்கின்றன. அங்குள்ளவர்கள் இதை 'இரும்பு அறுவடை' என்கிறார்கள். விவசாயிகள் வயலோரத்தில் எடுத்து வைப்பதைப் படைக்காரர்கள் வந்து எடுத்துப்போவார்கள். சில குண்டுகளுக்குள் விஷவாயு இருக்கிறது. துருப்பிடித்த வெறும் இரும்பு மாதிரிதான் தெரியும். ஈப்பருக்குத் தெற்கே மெசீன் மேட்டுக்கு அடியில் பிரிட்டிஷ் படை சுரங்கம் தோண்டிப் புதைத்த வெடிக் கண்ணிகளில் 19 மட்டும் 1917 ஜூன் 7 அன்று வெடித்தன. வெடிக்காமல் தங்கிய ஒன்று 1955இல் இடி விழுந்து வெடித்தது, நல்லவேளையாக இறந்தது ஒரு பசு மட்டும்தான். விமியில் வேலி போட்ட பகுதிகளில் இன்றைக்கும் புல் வெட்ட ஆட்களை விடுவதில்லை, ஆடுகள்தான் மேய்கின்றன. வேலி எதற்கு என்று இப்போது புரிந்திருக்கும்.

கேள்வி: கல்லறைகளில் எல்லாக் கல்லும் ஒரே மாதிரி இருக்கிறது. பத்து நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். என்ன பார்க்க வேண்டும்?

ஒரே மாதிரி இருப்பது வேண்டுமென்றே செய்தது. பிரிட்டனுக்காகவும் அதன் பேரரசு நாடுகளுக்காகவும் இறந்தவர்களின் காமன்வெல்த் போர்க் கல்லறைகளில் அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல்தான் என்று முதலிலேயே முடிவெடுத்தார்கள். வசதியுள்ள குடும்பம்கூட உடலை வீட்டுக்கு எடுத்துப்போக அனுமதி இல்லை.

ஒரு கல்லை மேலிருந்து கீழே படியுங்கள். மேலே படைப்பிரிவின் சின்னம். மேப்பிள் இலை என்றால் கனடா, பெரணி இலை என்றால் நியூசிலாந்து. பிறகு எண், பதவி, பெயர், இறந்த நாள், சில கற்களில் வயது. நடுவில் மத அடையாளம். கல்லின் அடியில், புல் மறைத்திருக்கும் இடத்தில், சில கற்களில் ஒரு வரி இருக்கும். அது குடும்பத்தார் எழுதிக் கொடுத்தது. முதல் உலகப் போர்க் கற்களுக்கு இடைவெளியும் சேர்த்து 66 எழுத்துதான் அனுமதி. புல்லை விலக்கிவிட்டு அந்த வரியைப் படியுங்கள். ஒரு தாய் தன் மகனைப் பற்றி 66 எழுத்துக்குள் என்ன சொன்னாள் என்பது அங்கே இருக்கிறது. பெயர் தெரியாதவர்களின் கல்லில் 'கடவுளுக்குத் தெரிந்தவர்' என்ற பொருளில் ஒரே வாசகம்தான்.

கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வந்தால் கொஞ்சம் நில்லுங்கள். பெரும்பாலும் அது உடல்களைப் பிரித்தெடுக்க முடியாமல் சேர்த்துப் புதைத்த இடம். நுழைவாயில் சுவரில் சின்ன உலோகக் கதவு போட்ட மாடம் இருக்கும். உள்ளே பெயர்ப் பதிவேடும் வருகையாளர் ஏடும் இருக்கும். நான் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டு, வரிசை எண்ணை வைத்து அந்தக் கல்லைத் தேடிப் போவேன். அந்த ஒருவருக்காக வந்ததாக வைத்துக்கொண்டால் பத்து நிமிடம் போதவே போதாது.

ஜெர்மன் கல்லறைகளையும் விட்டுவிடாதீர்கள். ஈப்பருக்குப் பக்கத்தில் லாங்கமார்க்கில் 44,000க்கும் மேற்பட்டவர்கள், அதில் பாதிக்கும் மேல் ஒரே குழியில். ஓக் மரங்களின் நிழலில் தரையோடு படிந்த கற்கள். காமன்வெல்த் கல்லறைகளின் வெள்ளைக் கற்களைப் பார்த்துவிட்டு அங்கே போனால் நெஞ்சு கனக்கும்.

கேள்வி: நார்மண்டியில் ஒமாகா கடற்கரைக்குப் போனேன். சாதாரண பீச் மாதிரி இருந்தது. எதையாவது விட்டுவிட்டேனா?

கடல் ஏறியிருந்த நேரத்தில் போயிருப்பீர்கள். கடற்கரையில் ஜெர்மானியர் நட்டிருந்த தடைகள் வெளியே தெரிய வேண்டும் என்பதால் 1944 ஜூன் 6 அன்று நீர் வற்றியிருந்த வேளையில்தான் அமெரிக்கப் படை இறங்கியது. அடுத்த தடவை ஓத அட்டவணை பார்த்துவிட்டு நீர் வற்றும் நேரத்துக்குப் போங்கள். அலை தொடும் இடம் வரை நடந்துபோய்த் திரும்பி நில்லுங்கள். மேட்டுக்கும் உங்களுக்கும் நடுவே ஒளிய ஒரு கல்கூட இல்லாத வெறும் மணல், சில நூறு மீட்டர். அதுதான் அங்கே பார்க்க வேண்டியது. மேட்டின் மேல் கோல்வில் அமெரிக்கக் கல்லறையில் 9,380க்கும் மேற்பட்ட கற்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒரே காலையில், முதலில் மணல், பிறகு கல்லறை என்று பாருங்கள். அரோமான்ஷில் நேச நாட்டுப் படைகள் அமைத்த செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டிகளையும் நீர் வற்றும்போது கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம்.

கேள்வி: பத்து வயது மகனையும் கூட்டிப் போகிறோம். அவுஷ்விட்ஸுக்கு அழைத்துப் போகலாமா அண்ணா?

வேண்டாம். பதினான்கு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வர வேண்டாம் என்று அந்த நினைவகமே பரிந்துரைக்கிறது, அதை மதியுங்கள். பத்து வயதுக்கு இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் பொருந்தும். 1943இல் துனிசியாவில் பிடிபட்ட ஜெர்மன் டைகர் டாங்கி இன்னும் ஓடும் நிலையில் அங்கே இருக்கிறது. பக்கத்தில் நிற்க வைத்து, இதற்குள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள் என்று சொல்லுங்கள். மீதிக் கேள்விகளை அவனே கேட்பான்.

நீங்கள் மட்டும் அவுஷ்விட்ஸ் போவதாக இருந்தால் முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள், பெரிய பை எடுத்துப் போகாதீர்கள். பலியானவர்களின் தலைமுடி வைத்திருக்கும் அறையில் படம் எடுக்கக் கூடாது. மற்ற இடங்களிலும் கேமராவைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: எல்லாரும் ஐரோப்பாவையே பேசுகிறார்கள். ஆசியாவில் எங்கே போகலாம்?

இரண்டு இடம் சொல்கிறேன். நாகாலாந்தின் கோஹிமாவில் 1944 ஏப்ரல் முதல் நடந்த சண்டையில் டெபுடி கமிஷனரின் டென்னிஸ் மைதானத்தின் இரு பக்கமும் பிரிட்டிஷ் இந்தியப் படையும் ஜப்பானியப் படையும் எதிரெதிரே கிடந்தன. இன்று அது கல்லறைக்குள் இருக்கிறது, மைதானத்தின் கோடுகளை வெள்ளையாகக் காட்டியிருக்கிறார்கள். அகலத்தை நடந்து அளந்து பாருங்கள். கையெறி குண்டு வீசும் தூரம்.

இன்னொன்று தாய்லாந்தின் காஞ்சனபுரி, சயாம் மரண ரயில் பாதை. தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போர்க் கைதிகளையும் தொழிலாளர்களையும் வைத்துக் கட்டிய பாதை இது. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். போர்க் கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களுடைய கல்லறை நகருக்குள்ளேயே அழகாகப் பராமரிக்கப்படுகிறது. மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்கள், பர்மியர்கள், ஜாவாக்காரர்கள் என்று ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு இறந்தார்கள். அவர்களுக்குத் தனித்தனிப் பெயர்க்கல் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு ஹெல்ஃபயர் பாஸுக்குப் போங்கள். மலையைக் குடைந்து வெட்டிய அந்தப் பாதையில் இரண்டு பக்கப் பாறையிலும் துளையிட்ட தடங்கள் அப்படியே இருக்கின்றன. விரலை வைத்துப் பார்க்கலாம். வெயிலுக்கு முன்னால் காலையிலேயே இறங்குங்கள், தண்ணீர் எடுத்துப் போங்கள்.

கேள்வி: இத்தனை வருடத்தில் உங்களை மறுபடி மறுபடி இழுக்கும் ஒரே ஒரு பொருள் எது?

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் இருக்கும் குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிள். 1945 ஆகஸ்ட் 6 காலை வீட்டு வாசலில் அதை ஓட்டிக்கொண்டிருந்த பையனுக்கு நான்கு வயதுகூட முடியவில்லை. அன்றிரவே இறந்துபோனான். இவ்வளவு சின்னப் பிள்ளையைத் தனியாக எங்கேயோ புதைக்க அப்பாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுத் தோட்டத்திலேயே புதைத்தார், சைக்கிளையும் கூடவே வைத்தார். நாற்பது வருடம் கழித்து, 1985இல், எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றியபோது சைக்கிளை எடுத்து அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். கைப்பிடி துருவேறி, சக்கரம் கோணிக் கிடக்கிறது. போனால் அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.