வீட்டில் நாமே செய்த சீட்டு விளையாட்டில் ஒவ்வொரு பாத்திரத்தின் உயிர், பலம் ஆகியவற்றை எப்படிக் கணக்கு வைப்பது?

நோட்டில் மட்டும் எழுதாதீர்கள். எந்த ஆளின் எண்ணோ அது அந்த ஆளின் சீட்டோடேயே இருக்க வேண்டும். எங்களுக்கு இது புரிய ஒரு கோடை விடுமுறை முழுக்கப் பிடித்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் வீடு குமரி மாவட்டத்து ஆரல்வாய்மொழியில். அண்ணன் பிள்ளைகள் இருவரையும் புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே டிலனாயின் கல்லறை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர். பிறகு அதே திருவிதாங்கூர்ப் படைக்குப் பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்று பெயர் வாங்கி, 1777-இல் இங்கேயே இறந்தவர். சண்டைக்கு வந்தவர் நம் பக்கத்து ஆளாக மாறிய கதை பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்ததும் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி 24 சீட்டு செய்தோம். ஆளுக்கு உயிர், பலம் என்று இரண்டு எண். டிலனாய்க்கு மட்டும் தனி விதி: தோற்றால் சாக மாட்டார், வென்றவன் கைக்குப் போய்விடுவார்.

அந்த ஒரு விதியில்தான் நோட்டுக் கணக்கு உடைந்தது. பெரியவன் நோட்டில் டிலனாயின் உயிர் 4 என்று இருக்கும். சீட்டு சின்னவனிடம் போகும், எண் போகாது. “சித்தப்பா, எனக்க டிலனாய்க்கு பத்து உயிரு இருக்குல்லா?” என்று இவன் கேட்பான். “லேய், அது நாலுதாம்ல” என்று அவன் நோட்டைத் தேடுவான். அதற்குள் சண்டை மேசையை விட்டு வீட்டுக்குள் வந்துவிடும்.

அடுத்து, சீட்டின் மேல் காகிதத் துண்டுகளை வைத்துப் பார்த்தோம். எங்கள் ஊர்க் காற்று தெரிந்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. கணவாய் வழியாக அது வந்து இறங்குகிற மாதங்களில் திண்ணையில் காகிதம் எதுவும் நிற்காது. மஞ்சாடி முத்து பறக்காது, ஆனால் உருண்டு ஓடும். புளியங்கொட்டை தட்டையாகக் கிடப்பதால் நன்றாக நின்றது. (குன்றிமணியை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள். பார்க்க அழகு, உள்ளே கடும் விஷம்.) மேசையில் மூன்று நான்கு ஆள் சீட்டு இருக்கும்வரை புளியங்கொட்டையே போதும். எட்டு ஆள் சீட்டு வந்து, சீட்டுக்குப் பத்துக் கொட்டை என்றால் எண்ணியே அலுத்துப்போகும்.

வழி கிடைத்தது அப்பாவிடம். அவர் ‘இருபத்தெட்டு’ என்கிற சீட்டாட்டம் ஆடுகிறவர். அந்த ஆட்டத்துக்கு ஏழு முதல் மேலே உள்ள 32 சீட்டு போதும், மற்றவை சும்மா கிடக்கும். சும்மா கிடக்கும் ஆறாம் நம்பர் சீட்டின் மேல் இன்னொரு சீட்டைக் கவிழ்த்து, எத்தனை ஆட்டம் ஜெயித்தாரோ அத்தனை புள்ளி மட்டும் தெரியும்படி நகர்த்தி வைப்பார். பேனா இல்லை, காகிதம் இல்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த காட்சிதான், அன்றைக்குத்தான் உறைத்தது.

அதை இப்படி மாற்றினோம். சாதாரணச் சீட்டின் உயரம் 88 மில்லிமீட்டர். அதே அளவில் ஓர் அட்டை வெட்டி, மேல் விளிம்பிலிருந்து 8 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, மேலிருந்து கீழாக 1 முதல் 10 வரை எழுதுங்கள். அடியில் 8 மில்லிமீட்டர் வெறுமையாக மிஞ்சும். இந்த எண் அட்டையின் மேல் ஆள் சீட்டை வையுங்கள். உயிர் 7 என்றால், ஆள் சீட்டை 7 தெரியும்வரை கீழே இறக்குங்கள். அடி விழுந்தால் மேலே ஏற்றுங்கள். எண் அட்டை முழுவதும் மறைந்தால் ஆள் காலி. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கழித்தல் கணக்கே தேவைப்படாது, மூன்று கோடு ஏற்றினால் போதும். வழவழப்பான அட்டை வழுக்கும். சொரசொரப்பானதாகப் பார்த்து எடுங்கள்.

நாங்கள் முதலில் ஆளுக்கு 100 உயிர் வைத்து 15, 20 என்று அடித்துக்கொண்டிருந்தோம். பத்துக்குள் சுருக்கிய பிறகு ஆட்டத்தின் ருசி ஒரு துளியும் குறையவில்லை. அந்த 100 பார்வைக்குத்தான் பெரிது.

பலத்துக்கு எண் அட்டையே வைக்காதீர்கள். அடிப்படைப் பலத்தைச் சீட்டிலேயே அச்சடித்துவிடுங்கள், அது மாறவே வேண்டாம். வாள் கிடைத்தால் வாள் சீட்டை ஆளுக்கு அடியில் செருகி, ‘+2’ எழுதிய ஓரம் மட்டும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கட்டும். வாள் போனால் சீட்டை உருவுங்கள், எண்ணும் கூடவே போய்விடும். களைத்த ஆளை அரை வட்டம்கூட வேண்டாம், கால் வட்டம் திருப்பிக் குறுக்கே கிடத்தினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். உயிரை மேலாகவும் பலத்தை இடது ஓரமாகவும் ஒரே அட்டையில் காட்டிப் பார்த்தோம். ஒன்றை நகர்த்தினால் மற்றது கலைகிறது. வேண்டாம்.

பகடை வைக்கலாமா என்றால், ஆளுக்கு ஒன்று வேண்டும். போதாததற்கு ஆறுமுகப் பகடையில் எதிரெதிர் முகங்களின் கூட்டுத்தொகை 7. உயிர் 4-லிருந்து 3-க்கு இறங்கப் பகடையையே தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். ஓரத்தில் பேப்பர் கிளிப் மாட்டி நகர்த்துவது கடலைத் தள்ளியிருக்கும் ஊர்களில் சரிப்படும். குளச்சலில் மச்சான் வீட்டில் விட்டுவந்த சீட்டுக்கட்டில், உப்புக்காற்றில் கிளிப் துருவேறி சீட்டு ஓரமெல்லாம் கறையாகிவிட்டது.

ஒன்றை மட்டும் பழக்க வேண்டியிருந்தது. டிலனாய் கைமாறும்போது ஆள் சீட்டையும் எண் அட்டையையும் கட்டைவிரலால் சேர்த்து அழுத்தி, அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டும். பெரியவன் கொடுக்கும்போது “நாலு” என்று சத்தமாகச் சொல்லிக் கொடுக்கிறான். சின்னவன் இரண்டு கையாலும் வாங்குகிறான்.