மாக் டெஸ்டில் 27 மதிப்பெண், கேட் எழுதலாமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "மெக்கானிக்கல் முடித்துவிட்டு ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருக்கிறேன். பிப்ரவரியில் எம்.டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதப் பணம் கட்டியாகிவிட்டது. இன்னும் பத்து வாரம்தான். ஆன்லைனில் வாங்கிய டெஸ்ட் சீரிஸில் 24, 31, 26, 29, 27 என்றே மதிப்பெண் வருகிறது. வேலையை விட்டுவிட்டுச் சென்னையில் கிராஷ் கோர்ஸ் சேரலாமா? காட்பாடியில் ஒருவர், 'நீ குவாலிஃபை மட்டும் ஆகு, என்.ஐ.டி.யில் எம்.டெக் சீட் வாங்கித் தருவது என் பொறுப்பு' என்கிறார். நம்பலாமா?" கடைசியாக எழுதிய தேர்வின் விடைத்தாளையும் கூடவே அனுப்பியிருக்கிறார். அது நல்ல காரியம்.

தம்பி, வேலையை விடாதீர்கள். கிராஷ் கோர்ஸும் வேண்டாம். காட்பாடிக்காரர் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் அந்த 27 எப்படி வந்தது என்று பாருங்கள். மொத்தம் 65 கேள்வியில் 42-க்கு விடை தந்திருக்கிறீர்கள். ஒரு மதிப்பெண் கேள்விகளில் 12 சரி, இரண்டு மதிப்பெண் கேள்விகளில் 11 சரி. ஆக 34 மதிப்பெண் உங்கள் கையில் இருந்தது. நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் எம்சிக்யூவில் தவறினால், ஒரு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் ஒரு பங்கும் இரண்டு மதிப்பெண் கேள்விக்கு மூன்றில் இரண்டு பங்கும் கழிப்பார்கள். நீங்கள் முதல் வகையில் ஒன்பதும் இரண்டாவதில் ஆறும் தவறாகப் போட்டிருக்கிறீர்கள். மூன்றும் நான்கும் ஏழு போய்விட்டது. தெரியாததைத் தொட்டதற்கு நீங்கள் கட்டிய அபராதம் அது. இரண்டு விடைகளை 'இது நிச்சயம் இல்லை' என்று அடித்துவிட முடிந்தால் மட்டும் மீதி இரண்டில் ஒன்றைத் தொடுங்கள். இல்லையென்றால் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். இதற்குப் பின்னால் உள்ள நிகழ்தகவுக் கணக்கை இப்போது நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு இருக்கிறது. அதைத்தான் நம் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிறார்கள். எண்ணையே விடையாக உள்ளிடும் கேள்விகளுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட விடை சரியாக இருக்கக்கூடிய எம்எஸ்க்யூ கேள்விகளுக்கும் மைனஸ் மதிப்பெண் கிடையவே கிடையாது. நீங்கள் தவறாகப் போட்ட மீதி நான்கும் இந்த வகைதான், அதில் எதுவும் குறையவில்லை. காலியாக விட்ட 23 கேள்வியிலும் ஒன்பது இந்த வகை! எம்சிக்யூவில் பயமில்லாமல் கை வைக்கிறீர்கள், பயமே வேண்டாத இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். எண் விடைக் கேள்வியில் சூத்திரம் மட்டும் நினைவுக்கு வந்தால் போதும், அதில் எண்களைப் போட்டு வருவதை உள்ளிட்டுவிட்டு நகருங்கள். எம்எஸ்க்யூவில் பாதி சரியானதற்குப் பாதி மதிப்பெண் தரமாட்டார்கள். சரியான விடைகள் அனைத்தையும், அவற்றை மட்டுமே, தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இருந்தாலும் தவறினால் எதுவும் குறையாது. கடைசிப் பத்து நிமிடத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். அந்த நேரத்தில் புதிதாக எந்தக் கேள்வியையும் படிக்க வேண்டாம். இந்த இரண்டு வகையில் எது காலியாக இருக்கிறது என்று தேடி நிரப்புவதுதான் வேலை. எண் விடையில் எத்தனை தசமம் கேட்டிருக்கிறார்கள், விடையை மீட்டரில் கேட்டார்களா மில்லிமீட்டரிலா என்பதைக் கேள்வியின் கடைசி வரியில் இன்னொரு தரம் பார்த்துவிட்டு உள்ளிடுங்கள்.

அடுத்து, நீங்கள் சிவப்பு மையில் 'சில்லி மிஸ்டேக்' என்று எழுதி வைத்திருக்கும் இடம். மெல்லிய உருளை ஒன்று, உள் அழுத்தம் 2 மெகா பாஸ்கல், உள் விட்டம் 500 மில்லிமீட்டர், தகட்டின் தடிமன் 10 மில்லிமீட்டர், ஹூப் ஸ்ட்ரெஸ், அதாவது உருளைச் சுவரில் சுற்றுவாக்கில் உண்டாகும் தகைவு, எவ்வளவு என்பது கேள்வி. அழுத்தத்தை விட்டத்தால் பெருக்கி, தடிமனின் இரு மடங்கால் வகுத்தால் 50. நீங்கள் விட்டத்தையே ஆரமாக எடுத்து 100 என்று போட்டிருக்கிறீர்கள். கீழே பாருங்கள், நான்கு விடைகளில் 100-ம் இருக்கிறது. தற்செயலாக வந்ததில்லை. எந்த இடத்தில் மாணவன் சறுக்குவான் என்று தெரிந்துதான் அந்த எண்ணை அங்கே வைப்பார்கள். கணக்கைப் போட்டு வந்த விடை கீழேயே இருப்பதால் சரி என்று நம்பிவிட்டீர்கள். இதைச் 'சில்லி' என்று எழுதித் தள்ளிவிட்டால் பிப்ரவரியிலும் இதுவே வரும்.

அதனால் ஒரு நோட்டுப் போடுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டே வரி: எங்கே சறுக்கினேன், அடுத்த முறை எதைப் பார்த்து நிறுத்துவேன். கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து புதுப் பாட வீடியோ பார்ப்பதை விட்டுவிட்டு இந்த நோட்டைப் புரட்டுங்கள். வாரம் ஒரு மாக் டெஸ்ட் போதும். மூன்று மணி நேரம் எழுதினால், அதை அலசக் குறைந்தது இன்னொரு மூன்று மணி நேரம் வேண்டும். ஞாயிற்றுக்கிழமையை அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன், கோபத்தோடுதான் சொல்கிறேன். நீங்கள் இப்படித் தடுமாறுவதற்கு நீங்கள் மட்டும் காரணமில்லை. நான்கு வருடமும் இரண்டு மார்க், பதின்மூன்று மார்க் என்று பிரித்து, 'இம்பார்ட்டன்ட்' கேள்விகளை ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுத்துத் தேற வைத்து அனுப்புகிறோம். ஹூப் ஸ்ட்ரெஸ் சூத்திரத்தைத் தருவி என்றால் தருவிப்பார்கள். எண்ணைக் கொடுத்து விடை கேட்டால் திகைப்பார்கள். பக்கத்திலேயே ராணிப்பேட்டை பெல் ஆலை பாய்லருக்கான துணைக் கருவிகள் செய்கிறது. அந்த வாசலைக் கூடப் பார்க்காமல் மெக்கானிக்கல் பட்டம் வாங்கிவிடலாம் என்ற நிலையில் பாடம் நடத்துகிறோம். ஆசிரியர்களைக் கேட்டால் தேர்ச்சி விகிதம் என்பார்கள்.

சரி, பத்து வாரத்தில் எதைப் படிப்பது? பொது அறிதிறனுக்கு 15, பொறியியல் கணிதத்துக்கு 13, இரண்டும் சேர்ந்து 28 மதிப்பெண். உங்களுக்கு அதில் வந்தது பத்து. விகிதம், சதவீதம், காகித மடிப்பு, எளிய ஆங்கிலம், மேட்ரிக்ஸ், வகைக்கெழுச் சமன்பாடு என்று வருடா வருடம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வரும். தினம் ஒரு மணி நேரம் இதற்குக் கொடுத்தால் பத்தை இருபது ஆக்கலாம். மெக்கானிக்கலில் நீங்கள் ஏற்கெனவே ஓரளவு தேறியிருக்கும் உற்பத்தி முறைகள், பொருள்களின் வலிமை, தெர்மோடைனமிக்ஸ் மூன்றையும் கெட்டிப்படுத்துங்கள். தொடாத பாடத்தை இனித் தொட வேண்டாம். மார்க்கிலிருந்து 1000-க்கான கேட் ஸ்கோரை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் மண்டையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை.

பழைய கேள்வித்தாள்களும் விடைக்குறிப்புகளும் தேர்வை நடத்தும் ஐ.ஐ.டி.யின் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. என்.பி.டெல் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் கேட்டுக்கென்றே பாடங்களும் தேர்வுகளும் உண்டு, காசு கேட்க மாட்டார்கள். டெலிகிராமில் 299 ரூபாய்க்கு டெஸ்ட் சீரிஸ் என்று விற்பவர்களிடம் வாங்காதீர்கள். எங்கோ திருடிய கேள்விகள், பாதிக்கு விடையே தவறாக இருக்கும். தவறான விடையைப் பார்த்துச் சரியாகப் போட்டவனும் குழம்பிப் போகிறான். கிராஷ் கோர்ஸில் பத்து வாரத்தில் முழுப் பாடத்தையும் ஓட்டிவிடுவார்கள். உங்கள் நோட்டில் இருக்கும் சறுக்கலை உட்கார்ந்து பார்க்க அங்கே யாருக்கும் நேரம் இருக்காது.

இன்னொன்று, கையில் வைத்துத் தட்டும் கால்குலேட்டரைப் பெட்டியில் போட்டுப் பூட்டுங்கள். தேர்வில் திரையில் வரும் கால்குலேட்டர்தான், மவுஸால் அழுத்த வேண்டும். எண் விடையையும் திரையில் உள்ள பொத்தானால்தான் உள்ளிட வேண்டும், கீபோர்டு வேலை செய்யாது. போனில் மாக் டெஸ்ட் எழுதிப் பழகியவர்கள் இங்கே நேரத்தை இழக்கிறார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் ஞாயிறு காலை பிரவுசிங் சென்டரில் மூன்று மணி நேரம் உட்காருங்கள்.

இனி காட்பாடிக்காரர். என்.ஐ.டி. எம்.டெக் இடங்களுக்கு சி.சி.எம்.டி. என்ற ஆன்லைன் கலந்தாய்வு நடக்கிறது. நீங்களே பதிவு செய்து, நீங்களே வரிசைப்படுத்தி, உங்கள் கேட் ஸ்கோருக்கு ஏற்ப இடம் வருகிறது. நிர்வாக ஒதுக்கீடு என்று அங்கே ஒன்று இல்லை. 'மீதி இடங்களுக்கான ஸ்பாட் ரவுண்டில் பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். அதுவும் அதே தளத்தில், அதே ஸ்கோரை வைத்துத்தான் நடக்கிறது. இவர்கள் தொழில் நடக்கும் விதம் இதுதான்: இருபது பையன்களிடம் அட்வான்ஸ் வாங்குவது, அதில் தன் ஸ்கோராலேயே இடம் கிடைத்த மூன்று பேரைத் தன் கணக்கில் சேர்த்துக்கொள்வது, மற்றவர்களைக் கமிஷன் தரும் தனியார் கல்லூரிப் பக்கம் தள்ளிவிடுவது. அதற்கும் மசியாதவனுக்குப் பாதிப் பணம் திரும்பினால் பெரிய விஷயம். உங்கள் லாகின் பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ அவரிடம் சொல்லாதீர்கள். ஒரிஜினல் மார்க் ஷீட்டை 'வெரிஃபிகேஷனுக்கு' என்று கேட்டால் கொடுக்கவே கூடாது, அதைத் திரும்ப வாங்க ஒரு வருடம் அலைந்தவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்.

குவாலிஃபை ஆவது வேறு, இடம் கிடைப்பது வேறு என்பதை அப்பாவிடமும் எடுத்துச் சொல்லுங்கள். குவாலிஃபை ஆகி இடமும் கிடைத்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. பல வருடமாக அதே தொகைதான், விலைவாசியைப் பார்த்து யாராவது உயர்த்தினால் நல்லது. ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். அண்ணா பல்கலைக்கழக எம்.இ. இடங்களுக்கு கேட் தவிர சீட்டா பி.ஜி. தேர்வும் இருக்கிறது, அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

நீங்கள் பி.சி. அல்லது எம்.பி.சி. என்றால் வீட்டில் இருக்கும் சாதிச் சான்றிதழ் மத்தியக் கலந்தாய்வில் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், நடப்பு வருடத்துக்கான ஓ.பி.சி. கிரீமி லேயர் அல்லாதோர் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்திலேயே விண்ணப்பிக்கலாம், தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்பவர்களுக்கு ஆயிரம், இரண்டாயிரம் கொடுக்க வேண்டியதில்லை. வழங்கத் தாமதமாகிறது என்பது உண்மை, மேசை மேசையாக நகர்வதற்குள் கடைசித் தேதி வந்துவிடுகிறது. அதனால் கலந்தாய்வு அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல், எந்தத் தேதிக்குப் பிறகு வாங்கிய சான்றிதழ் கேட்கிறார்கள் என்று முந்தைய வருட அறிவிப்பைப் பார்த்து வைத்துக்கொண்டு, தேர்வு முடிந்த கையோடு வேலையை ஆரம்பியுங்கள்.

அடுத்த ஞாயிறு மாக் டெஸ்ட் எழுதியதும் மொத்த மதிப்பெண்ணை எனக்குச் சொல்ல வேண்டாம். மைனஸில் எவ்வளவு போனது, மைனஸ் இல்லாத கேள்விகளில் எத்தனை காலியாக விட்டீர்கள் என்ற இரண்டு எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்கள்.